இருதயக் கருவியின் பாட்டரியும் அதனை மாற்றும் காலமும்

மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஜூன் மாதம் பிறக்குமுன் சில காரியங்களை முடித்துக்கொள்வது குடும்பங்களின் வழக்கம். கூரை ஒழுகும் இடம் அடைக்கப்படும். விறகு உலர்த்தி அடுக்கப்படும். அரிசியும் பருப்பும் சற்றுக் கூடுதலாக வாங்கி வைக்கப்படும். தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகளும் பெருகும், மண் சரியும், சாலை எந்நாளில் திறந்திருக்கும், எந்நாளில் அடைபட்டிருக்கும் என எவரும் உறுதி கூற இயலாது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் மூணாறு வெளித்தொடர்பு துண்டிக்கப்பட்டு நின்றதையும், மறையூர்ச் சாலையிலிருந்த பெரியவாரைப் பாலம் இடிந்ததையும் இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

மழைக்கு முன் முடிக்கத்தக்க இக்காரியங்களோடு சில இல்லங்களில் மற்றொன்றும் சேர்கிறது. இருதயத்தின் துடிப்பைக் காக்கும் பொருட்டு மார்பில் பேஸ்மேக்கர் என்னும் கருவி பொருத்தப்பெற்றவர்கள் இப்போது நகரங்களில் மட்டுமன்றி மலைத் தோட்டங்களிலும் வாழ்ந்து வருகின்றனர். அக்கருவி பாட்டரியால் இயங்குவது. எந்தப் பாட்டரியும் ஒரு நாள் ஓயும். ஆயினும் இப்பாட்டரி சொல்லாமல் ஓய்வதன்று. பல மாதங்களுக்கு முன்னரே தன் நிலையை அறிவிக்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கிறது. அவ்வறிவிப்பைப் படித்தறிந்து, கிடைத்த அவகாசத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். களப் பணியாளரும் ஆசிரியரும் இதனை அறிந்திருப்பின், பல குடும்பங்களின் அச்சத்தைப் போக்குவதோடு உயிர்ச்சேதத்தையும் தவிர்க்கலாம்.

கருவியும் அதன் வேலையும்

நல்ல நிலையிலுள்ள இருதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுப்பகுதி தானாகவே மின்துடிப்புகளை எழுப்புகிறது. அத்துடிப்பு மேலறைகளைச் சுருக்கிய பின்னர், இடையிலுள்ள ஒரு கணுவின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கி அவற்றையும் சுருக்குகிறது. ஓய்ந்திருக்கும் மனிதனிடம் இது நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை வரை நிகழும். முதுமையாலோ நோயாலோ இவ்வழி தடைபடுமானால், கீழறைகள் தம் சொந்த வேகத்தில் நிமிஷத்துக்கு 30 அல்லது 40 முறை மட்டுமே துடிக்கும். சிலருக்குச் சில விநாடிகள் துடிப்பே நின்றுபோவதும் உண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தலைசுற்றலும் மயக்கமும் ஏற்படும். சரிவான தேயிலைப் பாத்தியிலோ, அடுப்பின் அருகிலோ இவ்வாறு மயங்கி விழுவது எத்தகைய ஆபத்து என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இக்குறையை நிறைவு செய்யும் கருவியே பேஸ்மேக்கர். பாட்டரியும் மின்சுற்றும் அடங்கிய டைட்டானியப் பெட்டி ஒன்று காறை எலும்பின் கீழே தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. அதன் எடை சாதாரணமாக 20 முதல் 30 கிராம் வரை இருக்கும். பெட்டியிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மெல்லிய கம்பிகள் இரத்தக் குழாய் வழியே இருதயத்தினுள் செல்லுகின்றன. இருதயம் தானே துடித்தால் கருவி வாளாவிருக்கும். துடிக்கத் தவறினால் உடனே ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும்.

கருவி பொருத்தப்பெற்றவர்கள் இரு வகையினர் என்பதை இங்கு மனத்திற்கொள்ளுதல் வேண்டும். ஒரு சாராருக்குக் கருவியின் உதவி எப்போதோ ஒரு சமயமே தேவைப்படும். மற்றொரு சாரார் ஒவ்வொரு துடிப்புக்கும் கருவியையே நம்பியிருப்பவர். பாட்டரி முற்றிலும் ஓய்ந்துபோனால் முன்னவருக்குப் பழைய மயக்கம் திரும்பலாம். பின்னவருக்கு உயிருக்கே இறுதி நேரலாம். ஒருவர் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை அவரைப் பரிசோதித்த டாக்டரிடம் கேட்டு அட்டையில் குறித்து வைத்தல் அவசியம்.

அபாயகரமான வேகத்தில் துடிக்கும் இருதயத்துக்கு மின்னதிர்ச்சி தந்து அதனை நேர்ப்படுத்தும் டிபிபிரிலேட்டர் என்னும் கருவியும் இவ்வாறே பொருத்தப்படுவதுண்டு. அதன் பாட்டரிக்கும் இப்பாடத்தில் கூறப்படும் பொதுக் கருத்துக்கள் பொருந்தும்.

பாட்டரியின் ஆயுட்கணக்கு

பாட்டரியின் ஆயுளை வகுப்பில் மாணவரைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். நிமிஷத்துக்கு 60 துடிப்பு எனக் கொண்டால் ஒரு நாளைக்கு 86,400 துடிப்புகள் ஆகின்றன. ஓர் ஆண்டுக்கு 3 கோடியே 15 லட்சத்துக்கு மேல். பத்து ஆண்டுகளில் 31 கோடிக்கு மேல். இத்தனையையும் நெருப்புப் பெட்டியினும் சிறிய ஒரு பாட்டரி நடத்தி வைக்கிறது.

பாட்டரியின் கொள்ளளவு 1 ஆம்பியர்-மணி என்றும், கருவி சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலவிடுகிறது என்றும் எளிய கணக்குக்காக வைத்துக்கொள்க. ஓர் ஆம்பியர் என்பது 10 லட்சம் மைக்ரோ ஆம்பியர். ஆகவே பாட்டரி 1,00,000 மணி நேரம் நீடிக்கும். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உள்ளமையால், இது 11 ஆண்டுகளுக்குச் சற்று மேற்படும். மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியராகப் பெருகினால் ஆயுள் பாதியாகக் குறைந்து ஐந்தரை ஆண்டுகளுக்கு அண்மையில் நிற்கும்.

செலவு ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது? முதலாவது காரணம், கருவி எவ்வளவு அடிக்கடி துடிப்பை அனுப்புகிறது என்பது. இரண்டாவது, ஒவ்வொரு துடிப்பும் எத்தனை வலிமையுடன் அனுப்பப்படுகிறது என்பது. 2.5 வோல்ட் அழுத்தத்தில், 500 ஓம் தடையினூடே, ஒரு விநாடியின் பதினாயிரத்தில் நான்கு பங்கு நேரம் பாயும் துடிப்பின் ஆற்றல் 5 மைக்ரோ ஜூல். அழுத்தத்தை 5 வோல்ட்டாக இரட்டித்தால் ஆற்றல் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 20 மைக்ரோ ஜூல் ஆகிறது. ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பௌதிகப் பாடத்தில் படிப்பது இங்கே ஒருவரின் ஆயுட்கணக்கில் வந்து நிற்கிறது. டாக்டர்கள் பரிசோதனையின்போது இருதயத்துக்குப் போதுமான அழுத்தத்தை அளந்து, பாதுகாப்புக்குச் சற்று மிகுதி வைத்து, மீதியைக் குறைத்து அமைப்பது இக்காரணம் பற்றியே. எனவே, ஒரே நாளில் கருவி பொருத்தப்பெற்ற இருவருள் ஒருவருக்கு ஏழாம் ஆண்டிலும் மற்றவருக்குப் பன்னிரண்டாம் ஆண்டிலும் பாட்டரி ஓயலாம். அண்டை வீட்டாரின் கருவியைப் பார்த்துத் தம் கருவிக்கு நாள் குறிப்பது தவறு.

பாட்டரியின் வரலாறு

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி சுவீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில், உடலினுள் முழுதும் அடங்கிய பேஸ்மேக்கர் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கருவியை அமைத்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலறிஞர். பொருத்தியவர் ஓகே சென்னிங் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர். பெற்றவர் 43 வயதான ஆர்னே லார்சன். நாள்தோறும் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்த அவரைக் காப்பாற்றும்படி அவருடைய மனைவியார் அவ்விருவரையும் விடாது வற்புறுத்தினார் என்று வரலாறு கூறும். அன்று பொருத்திய கருவி சில மணி நேரமே இயங்கியது. உடனே மற்றொன்று வைக்கப்பட்டது. பின்னர் அவர் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்டன. அவர் 2001ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, 86ஆம் வயதில், இருதய நோயாலன்றி வேறொரு நோயால் காலமானார். கருவியை மாற்ற வேண்டிவருவது வாழ்வின் முடிவாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

லார்சனுக்கு முதலில் வைத்தது வெளியிலிருந்து மின்னேற்றத்தக்க நிக்கல்-காட்மியப் பாட்டரி. 1960இல் அமெரிக்காவில் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பாட்ச் என்னும் பொறியியலறிஞரும் வில்லியம் சார்டாக் என்னும் டாக்டரும் துத்தநாகமும் பாதரசமும் கொண்ட பாட்டரியைப் பயன்படுத்தினர். அவ்வகைப் பாட்டரி சுமார் இரண்டு ஆண்டுகளே நின்றது. மேலும், அது இயங்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்பட்டமையால் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடுதல் இயலவில்லை. 1970இல் பாரிஸ் நகரில் புளுட்டோனியத்தின் வெப்பத்தால் இயங்கும் பாட்டரியும் சோதிக்கப்பட்டது. அது பல்லாண்டு நீடித்தது எனினும், கதிரியக்கப் பொருளை ஒவ்வொருவர் மார்பிலும் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு பெரும் பாரமாயிற்று.

1972இல் லிதியம்-அயோடின் பாட்டரி வழக்குக்கு வந்தது. இதில் வாயு வெளிப்படுவதில்லை. ஆகவே பெட்டியை உருக்கி இணைத்து முற்றிலும் மூட முடிந்தது. இரண்டாவது சிறப்பு இன்னும் முக்கியமானது. பாட்டரி செலவாகச் செலவாக, அதன் உள்ளே லிதியம் அயோடைடு என்னும் படலம் தடித்து வருகிறது. அதற்கேற்ப உள்தடை உயர்ந்து, தொடக்கத்தில் 2.8 வோல்ட்டாக இருந்த அழுத்தம் படிப்படியாகத் தாழ்கிறது. அழுத்தத்தையும் தடையையும் அளந்தால், எஞ்சியிருக்கும் காலத்தை ஏறக்குறைய மதிப்பிட்டுவிடலாம். பிற்காலத்தில் வேறு வகை லிதியப் பாட்டரிகளும் வந்துள்ளன; ஆயினும் முன்கூட்டியே அறிவித்தல் என்னும் பண்பு எல்லாவற்றிலும் பேணப்படுகிறது.

பாட்டரியை மட்டும் மாற்றலாகாதா, கைத்தொலைபேசியைப் போல் மின்னேற்றலாகாதா என்று மக்கள் வினவுவது இயல்பு. உடலின் ஈரமும் உப்பும் மின்சுற்றைக் கெடுத்துவிடும் ஆதலால் பெட்டி திறக்க இயலாதவாறு மூடப்பட்டிருக்கிறது. எனவே பெட்டி முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கிறது. மின்னேற்றும் கருவிகள் 1970களில் வழங்கியதுண்டு. ஆனால் வாரந்தோறும் தவறாமல் மின்னேற்றும் பொறுப்பு நோயாளியின் மேல் விழுந்தது. ஒருவரின் மறதி அவர் உயிருக்கு விலையாதல் தகாது. நீடித்து உழைக்கும் லிதியப் பாட்டரி வந்த பின் அம்முறை கைவிடப்பட்டது.

முன்னறிவிப்பு எவ்வாறு வருகிறது?

பரிசோதனைச் சாலையில் டாக்டரோ, பயிற்சி பெற்ற உதவியாளரோ தோலின்மேல் ஒரு சாதனத்தை வைத்துக் கருவியுடன் செய்தி பரிமாறுவர். ஊசியோ கீறலோ இல்லை. சில நிமிஷங்களில் பாட்டரியின் நிலை, கம்பிகளின் நிலை, இருதயம் எத்தனை விழுக்காடு கருவியை நம்பியிருக்கிறது என்பன தெரிந்துவிடும். இப்பரிசோதனை பொதுவாக ஆறு மாதத்துக்கு அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை நடைபெறும். பாட்டரி முதுமையடைந்த பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ அதனினும் அடிக்கடியோ நடைபெறும்.

பாட்டரி ஒரு குறிப்பிட்ட அளவுக்குத் தாழ்ந்ததும் கருவி "மாற்றும் காலம் வந்தது" என்னும் குறியை எழுப்புகிறது. இக்குறிக்குப் பிறகு பெரும்பாலான கருவிகள் சுமார் மூன்று மாதம் நம்பத்தக்க முறையில் இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. அதன் பின்னர் வருவது இறுதி நிலை. அந்நிலையில் இயக்கம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே முதற்குறி தோன்றியதும் அஞ்சி ஓட வேண்டுவதில்லை. ஆனால் அசட்டையாக இருத்தலும் ஆகாது.

முதற்குறி எழுந்தபின் சில கருவிகள் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு எளிய முறைக்கு மாறிவிடுகின்றன. மேலறையையும் கீழறையையும் இணைத்து நடத்திவந்த கருவி கீழறையை மட்டும் ஒரே வேகத்தில் நடத்தத் தொடங்கும். அப்போது சிலருக்கு மேட்டில் ஏறுகையில் மூச்சிரைப்பும் சோர்வும் தோன்றும். "வயதாகிவிட்டது" என்று இதனைத் தள்ளிவிடுவது வழக்கமாயினும், பழைய கருவி உடையவரிடம் இவ்வறிகுறி புதிதாகத் தோன்றினால் பாட்டரியைப் பரிசோதித்தல் வேண்டும். டிபிபிரிலேட்டர் வகையில் சில கருவிகள் மார்பினுள்ளிருந்தே ஒலி எழுப்பும், சில அதிரும். அவ்வொலியைக் கேட்டவர் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவித்தல் நலம்.

மாற்றும் சிகிச்சை

முதன்முறை கருவி பொருத்தியபோது கம்பிகளை இரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குச் செலுத்த வேண்டியிருந்தது. மாற்றும்போது பெரும்பாலும் அவ்வேலை இல்லை. பழைய தழும்பை ஒட்டிய இடம் மரத்துப்போக ஊசி போடப்படும். தோலைக் கீறிப் பெட்டி வெளியே எடுக்கப்படும். கம்பிகள் பெட்டியிலிருந்து கழற்றப்பட்டு, அவை நல்ல நிலையில் உள்ளனவா என்று அளக்கப்படும். நல்லனவாயின் புதிய பெட்டியில் இணைத்துத் தையலிடப்படும். முழுதும் கருவியை நம்பியிருப்பவருக்கு, பெட்டி மாறும் இடைவேளையில் இருதயம் நின்றுவிடாமல் தற்காலிகமாக வேறு வழியில் துடிப்பூட்ட டாக்டர்கள் ஆயத்தமாக இருப்பர். சிகிச்சை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவடையும். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். கம்பி பழுதடைந்திருந்தால் மட்டுமே வேலை நீளும்.

சிகிச்சை சிறியது என்பதனால் ஆபத்தே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. கிருமி தொற்றுவதே முக்கியமான ஆபத்து. அது நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் நேர்வதாயினும், முதன்முறை பொருத்துவதைவிட மாற்றும்போது சற்று மிகுதி. ஏனெனில் பழைய தழும்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவு. கிருமி பெட்டியைப் பற்றிவிட்டால் கருவி, கம்பி அனைத்தையும் எடுக்க வேண்டிவரும். ஆகவே, புண் ஆறும்வரை தோலை ஈரமின்றிக் காத்தல் வேண்டும். இலைப்பற்று, மஞ்சள் பூச்சு, சுடு ஒத்தடம் ஆகியவை கூடா. வீக்கம், சிவப்பு, கசிவு, காய்ச்சல் எதுவாயினும் தோட்ட மருந்தகத்தோடு நின்றுவிடாமல் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அறிவித்தல் வேண்டும். வீங்கிய இடத்தில் ஊசியிட்டு நீரை வெளியேற்ற எவரையும் அனுமதித்தல் ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் அதனைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டரே கூற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பல்லாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி தம் மகன் குடும்பத்துடன் லயத்தில் வசிக்கிறார் எனக் கொள்க. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கருவி பொருத்தப்பட்டது. அவர் ஒவ்வொரு துடிப்புக்கும் கருவியை நம்பியவர். ஜனவரி மாதப் பரிசோதனையில், மாற்றுக்குறி தோன்ற இன்னும் நான்கு முதல் எட்டு மாதம் ஆகலாம் என்று எழுதித் தரப்பட்டது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவமனையில் விளக்கியது மலையாளத்தில். வீட்டுக்கு வந்ததும் அத்தாள் சாமி படத்துக்குப் பின்னால் சென்றுவிட்டது. களப் பணியாளர் வினவியபோது மூதாட்டியார், "நல்லாத்தானே இருக்கேன், மறுபடி எதுக்கு நெஞ்சைக் கீறணும்?" என்றார். மகனோ, தாம் நான்கு நாள் வேலையிழக்க வேண்டுமே என்று கவலையுற்றார்.

இந்நிலையில் செய்யத்தக்கது யாது? முதலாவது, தாளில் உள்ளதை அண்டையிலுள்ள ஆசிரியரைக் கொண்டு தமிழில் எழுதுவித்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுதல். "நன்றாக இருக்கிறேன்" என்பது கருவி இன்னும் வேலை செய்கிறது என்பதற்கே சான்று; பாட்டரி நிறைந்திருக்கிறது என்பதற்குச் சான்றன்று என்பதை அமைதியாக விளக்குதல்.

இரண்டாவது, காலண்டரைக் கையில் எடுத்தல். ஜனவரியிலிருந்து நான்கு மாதம் என்றால் மே. எட்டு மாதம் என்றால் செப்டம்பர். அதாவது, குறி தோன்றக்கூடிய காலத்தில் பெரும்பகுதி மழைக்காலம். மதிப்பீடு மதிப்பீடே, நாள் குறித்த ஜாதகமன்று. ஆகவே மார்ச் இறுதியிலும் மே தொடக்கத்திலும் மறு பரிசோதனைக்கு நாள் பெறுதல் வேண்டும். மே மாதத்தில் குறி தோன்றிவிட்டால் மூன்று மாத அவகாசம் இருக்கிறது என்று ஆகஸ்டு வரை காத்திராமல் அம்மாதத்திலேயே சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையாதலால் வீட்டில் துணைக்கு ஆளும் இருக்கும்.

மூன்றாவது, மே மாதத்திலும் குறி தோன்றவில்லையாயின், மழைக்காலத்தில் வழி அடைபடும் மலைத் தோட்டத்தில் வசிப்பதை டாக்டரிடம் தெளிவாக எடுத்துரைத்தல். குறி தோன்றுமுன் மாற்றுவது பாட்டரியின் மீதியை வீணாக்குவதாகும் என்பதால் டாக்டர்கள் பொதுவாகக் காத்திருக்கவே சொல்வர். ஆயினும் சாலையின் நிலை அவருக்குத் தெரிந்தால்தான், சற்று முன்னதாக மாற்றுவதா, பரிசோதனையை நெருக்கமாக வைப்பதா, மழை மாதங்களில் சமவெளியில் உறவினர் இல்லத்தில் தங்கச் சொல்வதா என்று அவர் முடிவு செய்ய இயலும். நகரத்து டாக்டருக்குப் பருவமழையின் செய்தியைக் கொண்டு சேர்ப்பது மலைநாட்டுக் களப் பணியாளரின் கடமை.

வழியும் செலவும்

மூணாற்றிலிருந்து கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். போடிமெட்டு வழியாக மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 155 கிலோமீட்டர். இருதயச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் திருவனந்தபுரத்தில், இன்னும் தொலைவில் உள்ளது. எங்குச் செல்வதாயினும் மலைப்பாதையில் பல மணி நேரம் ஆகும். கருவி பொருத்திய மருத்துவமனைக்கே செல்வது உத்தமம். பழைய குறிப்புகள் அங்கே இருக்கும். வேறிடம் செல்வதாயின், கருவியின் பெயர், மாதிரி எண், கம்பிகளின் விவரம், பொருத்திய தேதி ஆகியவை அடங்கிய அட்டையை உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஒரு தயாரிப்பாளரின் கருவியை மற்றொரு தயாரிப்பாளரின் பரிசோதனைச் சாதனத்தால் படிக்க இயலாது.

கேரள அரசின் காருண்ய ஆரோக்கியச் சுரக்ஷா திட்டத்தில் தகுதி பெற்ற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை உதவி உண்டு. குடும்பத்தின் அட்டை நடைமுறையில் உள்ளதா, செல்லவிருக்கும் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா, கருவியின் விலையும் அதில் அடங்குமா ஆகிய மூன்றையும் சிகிச்சை நாளுக்கு முன்னரே விசாரித்தல் வேண்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குச் செல்வோர் தம் அட்டை அங்கே செல்லுபடியாகுமா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே புறப்படுதல் நன்று. இவ்விசாரணைகளுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவகாசத்தின் அருமை இங்கும் விளங்கும்.

சில ஐயங்கள்

தேயிலைத் தூளில் கலந்த இரும்புத் துகளை நீக்கத் தொழிற்சாலையில் காந்தங்கள் உண்டு. வலிய காந்தம் மார்பருகே வந்தால் கருவி தற்காலிகமாக மாறி இயங்கும், விலகியதும் பழையபடியாகும். இதனால் பாட்டரி விரைந்து ஓய்ந்துவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் காந்தத்திலிருந்தும், மின்பற்று வைக்கும் இடத்திலிருந்தும் இரண்டு அடிக்குக் குறையாமல் விலகியிருத்தல் வேண்டும். ஓடும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை மார்பிலிருந்து ஓரடிக்கு அப்பாலும், கைத்தொலைபேசியை ஒரு சாணுக்கு அப்பாலும் வைத்தல் போதும். யானைக்காக அமைத்த மின்வேலியைத் தொடலாகாது.

மிக மூத்த வயதில், வேறு தீராநோயும் உடையவருக்குக் கருவியை மாற்றத்தான் வேண்டுமா என்னும் கேள்வி எழுவதுண்டு. அது தகுதியான கேள்வியே. நோயாளியின் விருப்பத்தை முன்வைத்து, டாக்டரும் குடும்பத்தாரும் கலந்து பேசி முடிவு செய்யத்தக்கது. மறதியாலும் தயக்கத்தாலும் நாட்களைக் கடத்தி, அம்முடிவைப் பாட்டரியிடம் விட்டுவிடுதல் மட்டும் கூடாது.

களப் பணியாளர் தம் பகுதியில் கருவி பொருத்தப்பெற்றவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருத்தல் நலம். பெயருக்கு எதிரே பொருத்திய ஆண்டு, கடைசிப் பரிசோதனைத் தேதி, அடுத்த தேதி, கருவியை முழுதும் நம்பியவரா என்பன குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒருமுறை அப்பட்டியலைப் புரட்டுவாராயின், ஜூன் மாதத்துக்கு முன் எவர் மலையிறங்கி வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. கருவி செலவிடும் மின்னோட்டம் 12.5 மைக்ரோ ஆம்பியர். பாட்டரியின் கொள்ளளவு 1 ஆம்பியர்-மணி. பாட்டரி எத்தனை ஆண்டு நீடிக்கும்?

2. துடிப்பின் அழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 2.5 வோல்ட்டாகக் குறைத்தால் ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலும் எவ்வளவு குறையும்? ஏன்?

3. துத்தநாக-பாதரசப் பாட்டரியைவிட லிதியம்-அயோடின் பாட்டரி எவ்விரு வகைகளில் மேம்பட்டது?

4. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுக. கருவியின் குறைந்த வேகம் 60 என்று அட்டையில் இருக்க, ஒருவரின் நாடி மீண்டும் மீண்டும் 40 என்று எண்ணப்பட்டால் வீட்டார் என்ன செய்தல் வேண்டும்?

5. ஏப்ரல் 20ஆம் தேதி மாற்றுக்குறி தோன்றியது எனக் கொள்க. மூன்று மாத அவகாசம் எந்தத் தேதியில் முடிகிறது? மூணாற்றில் வசிப்பவர் எந்த மாதத்துக்குள் சிகிச்சையை முடித்துக்கொள்வது நன்று? உம் ஊரிலிருந்து மருத்துவமனை வரையுள்ள வழியை வரைந்து, மழையில் அடைபடக்கூடிய இடங்களைக் குறித்துக் காட்டுக.